தடைக்காலத்துப் பிள்ளைகள்

திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் மடியில் பெரிய கேக் பெட்டி.

"யாருக்குக்கா பொறந்த நாளு?" என்றாள் இளையவள்.

"எங்க தெருவுக்கு."

"தெருவுக்கா?"

"சித்திரைல மீன்புடி தடை போட்டா, கரெக்டா தை, மாசில எல்லா வூட்லயும் புள்ள பொறந்துடும். அதான் மொத்தமா ஒரே கேக்கு."

"மீனு பெருகணும்னுதானே தடை போடறாங்க?"

"மீனு பெருகுதோ இல்லியோ, நாங்க பெருகுறோம். ஆம்பளைங்க ரெண்டு மாசம் வூட்லயே குந்திகினு கீறாங்க. வேற இன்னா நடக்கும்?"

"உன் மாமியாருக்கு ஏழு புள்ளயாச்சே. அப்ப ஏது தடை?"

"அப்போ கட்டுமரம்டி. காலைல போனா மத்தியானம் வூட்டுக்கு வந்துடுவான். இப்ப லாஞ்சு, போனா பத்து நாளு கடல்லயே. அதான் எங்களுக்கெல்லாம் ரெண்டோட நின்னுச்சு. இதுல தடைய மூணு மாசமாக்கப் போறாங்கன்னு பேசிக்கிறாங்க. தெரு தாங்குமா?"

இளையவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப உன் சின்னவன் மட்டும் ஐப்பசில பொறந்தானே?"

மூத்தவர் கேக் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அந்த வருசம் பொங்கலுக்கு லாஞ்சு இஞ்சினு ரிப்பேரு."