அக்காவைக் கிளியூருக்கு அனுப்பியது

மலர்க் கண்காட்சி நடக்கும் வாரத்தில் ஏற்காடு பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். அப்படியொரு நெரிசலில்தான் ஜெஸ்லின் தன் சீட்டில் நகர்ந்து எனக்கும் இடம் கொடுத்தாள். சேலத்தில் ஒரே துறையில் சமூகப்பணி முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தும் அதுவரை நாங்கள் சரியாகப் பேசியதில்லை. ஏற்காட்டு மலையில் அவள் ஊர் ஒண்டிக்கடை, என் ஊர் நாகலூர். அவள் நல்லவள், இன்ஸ்பெக்டர் மேடம். அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை சிரமம் வந்திருக்காது.

எங்கள் துறையில் அவ்வப்போது ஒரு கூட்டம் நடக்கும். வெறும் பட்டத்துக்காக ஓடுகிறீர்களா, சமூகப்பணியின் விழுமியங்கள் உங்களிடம் மிச்சம் இருக்கின்றனவா என்று பேராசிரியர் ஆய்வு மாணவர்களைக் கேட்பார். ஜெஸ்லின் பேசினால் அறையே அமைதியாகிவிடும். ஒருவர் மனம் விட்டு நம்மிடம் சொன்னது நம் சொத்து அல்ல, பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி அவர் கொடுத்தது என்று ஒருமுறை சொன்னாள். நான் அதை நம்பினேன். நம்பித்தான் அவளை என் அக்காவிடம் அழைத்துப் போனேன்.

அக்கா பெயர் ராணி. கிளியூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமா பெயர் வெள்ளையன், ஓர் எஸ்டேட்டில் பிக்கப் வண்டி ஓட்டினார். ஜெஸ்லினின் ஆய்வு, இந்த மலையில் கணவனிடம் அடி வாங்கும் பெண்களைப் பற்றியது. அக்கா முதலில் வாயே திறக்கவில்லை. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து, இவள் வெளியே விடமாட்டாள், தைரியமாகச் சொல் என்றேன். அக்கா சொன்னாள். வயிற்றுப் பிள்ளை கலைந்தது எல்லோரும் நினைப்பதுபோல ஓடையில் வழுக்கி விழுந்ததால் அல்ல, மாமா உதைத்ததால். அதற்குப் பிறகு அந்த மனிதனுக்குப் பிள்ளை பெறுவதில்லை என்று முடிவுசெய்து, அவருக்குத் தெரியாமல் அரசு சுகாதார நிலையத்தில் கருத்தடை ஊசி போட்டுவந்தாள்.

சில மாதம் கழித்து மலையில் ஒரு பயிற்சி முகாமில் ஜெஸ்லின் இதைப் பேசினாள். பெயரை மாற்றியிருந்தாள். கிளியூரையும் பிக்கப்பையும் ஊசியையும் மாற்றவில்லை. நல்ல கைதட்டல் என்றார்கள். அதே பேச்சைக் கட்டுரையாக்கி அனுப்பியதில் வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்கும் அவளை அழைத்தார்கள். விஷயம் மாமா காதுக்குப் போக ஒரு வாரம்கூட ஆகவில்லை. அக்காவின் இடது மணிக்கட்டை உடைத்து வெளியே தள்ளினார். மழையில் நனைந்துகொண்டு நாகலூருக்கு வந்து சேர்ந்தாள்.

ஜெஸ்லின் நூலகத்துக்கு வந்து என்னிடம் அழுதாள். பெயரை மாற்றினால் போதும் என்று நினைத்துவிட்டாளாம். அக்கா காலில் விழ வேண்டும் என்றாள். இப்போது வேண்டாம், அக்கா தேறட்டும் என்று முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே, இவளைச் சும்மா விடுவதில்லை என்று நான் தீர்மானித்துவிட்டேன். அக்காவின் கதையை யாராவது எழுத வேண்டுமென்றால் அது நானாகத்தான் இருந்திருக்க வேண்டும். அக்கா வாய் திறந்த அன்றே என் ஆய்வுக்கென்று அதை ஒதுக்கி வைத்திருந்தேன். நான் எழுதியிருந்தால் கவனமாக எழுதியிருப்பேன்.

அக்கா நாங்கள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தேறினாள். கட்டுப் பிரித்ததும் நாகலூரில் ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். முகத்தில் சதை பிடித்தது. துணி அலசும்போது தானாகவே எதையோ முணுமுணுத்துப் பாட ஆரம்பித்தாள். அந்தப் புள்ள வேணும்னேவா செஞ்சுது, விட்டுரு கண்ணு என்றாள் ஒருநாள். எனக்கு அது சங்கடமாக இருந்தது. அடிபட்டவளே மறந்துவிட்டால், அடிபடக் காரணமானவளுக்கு யார் தண்டனை கொடுப்பது?

கிளியூருக்குப் போய் மாமாவைப் பார்த்தேன். குறுக்கே பேசாமல், குற்றம் சொல்லாமல் கேட்பதுதான் எங்களுக்குக் கொடுக்கும் முதல் பயிற்சி. அதனால் அவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டேன். எஸ்டேட்டில் எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்களாம். கடைசியில், பேசுனது யாரு, அவ மூஞ்சியக்கூட நான் பாத்ததில்லையே கண்ணு என்றார்.

"பாக்கலாமுங்க மாமா," என்றேன். "ஞாயித்துக்கெழம மத்தியானம் உங்க ஊட்டுக்கே வருவா."

 அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. எதையும் செய்யச் சொல்லி அவரைத் தூண்டியதாக அவர் கொடுத்த வாக்குமூலத்தில் இருந்தால், அதை நான் மறுக்கிறேன்.

ஆனால் அக்கா அந்த வீட்டில் இல்லாமல் ஜெஸ்லின் அங்கே வரமாட்டாள். ஆகவே அக்காவிடம் பேச வேண்டியிருந்தது. மாமா திருந்திவிட்டார், உன்னை நினைத்து அழுகிறார் என்றேன். படித்த தங்கச்சி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் எப்போதும் நினைப்பாள். தையல் கடையில் சொல்லிவிட்டு, புதன்கிழமை பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஜெஸ்லினிடம், அக்கா வீடு திரும்பிவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை போய் மன்னிப்புக் கேள் என்றேன். எனக்கு ஓர் அத்தியாயம் முடிக்க வேண்டியிருந்ததால் நான் சேலத்திலேயே இருந்துவிட்டேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். மாமா கொடுவாளோடு வெளியே வந்தபோது அக்கா குறுக்கே பாய்ந்தாள். முதல் வெட்டு அவள் கழுத்தில் விழுந்தது. அக்கா அப்படிச் செய்வாள் என்பது என் கணக்கில் இல்லை. ஜெஸ்லினுக்குத் தோளிலும் கையிலும்தான் காயம். பிழைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும், உன் அக்காவை நான்தான் கொன்றேன் தீபிகா என்றாள். நான் இல்லையென்று சொல்லவில்லை. அவள் தலையைக் கோதிவிட்டேன். ஆய்வை விட்டுவிடுவதாகவும், இனி எந்தப் பெண்ணின் முகத்தையும் பார்த்துக் கேள்வி கேட்கும் யோக்கியதை தனக்கு இல்லை என்றும் சொன்னாள். வெட்டு அவள்மேல் சரியாக விழுந்திருந்தால்கூட எனக்கு இந்த நிறைவு கிடைத்திருக்காது. நான் நினைத்ததற்கு மேலேயே நடந்துவிட்டது.

அக்காவைச் சாகக் கொடுத்தவள் நான் என்று நீங்கள் எழுதப்போகிறீர்கள். அங்கேதான் தவறுகிறீர்கள். அடி வாங்கும் பெண்ணுக்காக நாம் முடிவெடுக்கக்கூடாது, அவளே எடுக்க வேண்டும் என்பது எங்கள் படிப்பின் அடிப்படை. நான் அதிலிருந்து ஒருபோதும் வழுவியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"இந்த மனுசன் விடிஞ்சதுல இருந்து கொடுவாளத் தீட்டிட்டு உக்காந்திருக்குது கண்ணு. எனக்கு நொம்ப பயமா இருக்குது. நான் ஊட்டுக்கு வந்துரட்டுமா?"

ஜெஸ்லின் வந்துவிட்டுப் போகட்டும் அக்கா என்றேன்.  செரி, நீ சொன்னா இருக்கறன் என்றாள்.

அது அவளாக எடுத்த முடிவு மேடம். அதில் நான் தலையிடவே இல்லை.