வீங்கும் முன்னே கையைக் காட்டுங்கள்

நடுநாயகமாக வீற்றிருக்கும் மாதர் மன்றத் தலைவி வீரம்மாள் அவர்களே, பீங்கான் மண் காயாத கைகளோடு வந்தமர்ந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளையை மடியில் உறங்கவைத்துவிட்டுச் செவியை எனக்குத் தந்திருக்கும் தாய்மார்களே! செவிலி உபகாரமேரியின் பணிவான வணக்கம்.

களைத்துத்தான் வந்திருக்கிறேன். கருவேப்பிலங்குறிச்சியில் பேசினேன், ஸ்ரீமுஷ்ணத்தில் பேசினேன். கேட்டார்கள், கைதட்டினார்கள், கலைந்தார்கள். தட்டிய கைகளில் வீக்கம் பார்க்க என்னிடம் காட்ட வந்த கை எது? இப்போதும் தட்ட வேண்டாம் தாயே, கேளுங்கள், போதும்.

பாஞ்சாலையை உங்களில் பலருக்குத் தெரியும். கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டியவர். மார்பில் புற்று வந்து, சென்னையில் அறுத்து, கரண்டு என்று நாம் சொல்லும் கதிர்வீச்சு வைத்து, பிழைத்து வந்தார். மறு வருடம், அறுத்த பக்கத்துக் கையில் ரவிக்கை இறுகியது. தையலைப் பிரித்துவிட்டார். மேலும் இறுகியது, முந்தானையால் மூடிக்கொண்டார். கணவர் சுப்புராயன் கேட்டபோதெல்லாம் வேலை அசதி என்றார்.

ஒருநாள் கை சிவந்து, காய்ச்சல் கொதிக்க எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். தூணாய்க் கிடந்தது கை. ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன்.

"நோவு திரும்பிடுச்சின்னு நெனச்சேங்க. சொன்னா வூட்டுல எல்லாரும் அழுவாங்க. நான் ஒருத்தியே அழுதுட்டுப் போறேன்னு இருந்துட்டேன்."

டாக்டர் சோதித்தார். நோய் திரும்பவில்லை, தாய்மார்களே! அக்குள்வரை அறுத்ததால், வடிய வழியின்றித் தேங்கிய நீர் அது. வராத சாவுக்காகத் தனியே அழுதிருக்கிறார் அந்தப் பெண். காய்ச்சல் தணிந்தது, வீக்கம் முழுதாக வடியவில்லை. தொடக்கத்திலேயே வந்திருந்தால்?

அந்தப் பாஞ்சாலைதான் பின்பு தன்னோடு வேலை பார்த்த வாசுகியை அழைத்து வந்தார். வாசுகிக்கும் அதே அறுவை. கண்ணுக்கு வீக்கமே தெரியவில்லை. தனக்கு ஒன்றுமில்லையே என்று வாசுகி தயங்கினார்.

"ஒண்ணும் இல்லாதப்பவே காட்டணும்டி" என்றார் பாஞ்சாலை.

இரு கைகளையும் டேப்பால் அளந்தேன். ஒரு கை சற்றே பருத்திருந்தது. துணிக்கட்டுப் போட்டோம், கையை உயர்த்தி வைக்கவும் மெல்ல நீவிவிடவும் சொல்லிக்கொடுத்தோம். வடிந்தது. இன்று வாசுகி வேலைக்குப் போகிறார்.

பின்வரிசையில் ஒரு தாய் வலிக்குமா என்கிறார். வலிக்காது அம்மா, ரவிக்கைக்கு அளவெடுப்பது போலத்தான்.

வலிக்கட்டும் என்று காத்திருப்பதா? வீங்கட்டும் என்று விட்டிருப்பதா? புற்றை வென்று வந்தவளின் கை பிள்ளையைத் தூக்க வேண்டாமா? அந்த நோய் கண்டு மீண்டவர்கள், வீக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பக்கத்து அறைக்கு வாருங்கள். திரை கட்டியிருக்கிறோம். பாஞ்சாலை உள்ளே இருக்கிறார்.

இடம் தந்த மன்றத்துக்கும் பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் நன்றி. இதோ, இரு கைகளையும் கூப்புகிறேன். கனத்த கையைத் தூக்கி இப்படிக் கூப்பப் பாஞ்சாலையால் முடியாது. நீங்கள் கூப்ப வேண்டும். வணக்கம்.