கலப்படமில்லாத கறுப்பு

டாக்டர்: கசக்காதீங்கன்னு இன்னும் சொல்லி முடிக்கல... மறுபடியும் கை போகுது.

தலைவர்: கசக்கவில்லை டாக்டரம்மா. தடவிக்கொடுக்கிறேன். எதற்கும் கண்ணைக் கசக்கும் பரம்பரை அல்ல என்னுடையது.

மனைவி: நேத்து ராத்திரி பூரா தடவித்தான் கொடுத்தாரு. காலைல பாத்தா கண்ணு இருந்த இடத்துல ரெண்டு தக்காளி.

தலைவர்: நீ சும்மா இரு. டாக்டரம்மா, காரணத்தை நானே கண்டுபிடித்துவிட்டேன். குழாய்த் தண்ணீரில் குளோரின். போதாததற்குப் பக்கத்துத் தெருவில் செல்போன் கோபுரம். நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். நாளைக் கூட்டத்தில் வாசித்துவிடுவேன்.

டாக்டர்: என்ன கூட்டம்?

தலைவர்: என்ன கூட்டமா! இயற்கை வாழ்வு மன்றத்தின் ஆண்டு விழா. நாளை மாலை ஆறு மணிக்கு. தலைவர் அடியேன். நூல் வெளியீடும் உண்டு. ‘நரை ஒரு மனநோய்.’ நூற்று எண்பது பக்கம்.

மனைவி: அட்டைல இவர் தலைதான். மூஞ்சி பாதிதான் விழுந்திருக்கு. முடி முழுசா வந்திருக்கு.

தலைவர்: வயது அறுபத்தேழு. ஒரே ஒரு வெள்ளை முடி காட்டுங்கள், மன்றத்தைக் கலைத்துவிடுகிறேன்.

டாக்டர்: மன்றம் கிடக்கட்டும். பார்வை மங்கலா இருக்கா? கண்ணுக்குள்ள வலி?

தலைவர்: இல்லை. அரிப்பு மட்டும்தான்... ஐயோ...

டாக்டர்: கை!

தலைவர்: எடுத்துட்டேன்.

டாக்டர்: சீழ் இல்ல, காய்ச்சல் இல்ல. ரெண்டு இமையும் ஒரே மாதிரி வீங்கியிருக்கு. ஏதோ ஒத்துக்கல. உடம்புலயே மெல்லிசான தோல் இமைதான். வேற எங்கயோ போட்டதுக்கும் முதல்ல இதுதான் கோவிச்சுக்கும். புதுசா என்ன போட்டீங்க? க்ரீம், சோப்பு...

தலைவர்: முப்பது ஆண்டுகளாகச் சோப்பைத் தொட்டதில்லை.

மனைவி: பஸ்ல இவர் பக்கத்துல உக்கார்றவங்களும் அதையேதான் சொல்றாங்க.

டாக்டர்: தலைக்கு?

தலைவர்: மூலிகைச் சாறு. ஞாயிறுதோறும். விழா வருகிறதே என்று இந்த வாரம் வியாழக்கிழமையும். என் கைப்பட அரைத்தது.

மனைவி: என் கைப்பட.

தலைவர்: என் மேற்பார்வையில். பச்சை பாட்டிலில் இருக்கும்.

டாக்டர்: கொஞ்சம் திரும்புங்க. காதுக்குப் பின்னால பாக்கணும்.

தலைவர்: என் காதில் குறையொன்றும் இல்லை.

டாக்டர்: இங்கயும் சிவந்திருக்கு. நெத்தி ஓரத்துலயும்... இது என்ன, கறுப்பா?

மனைவி: மச்சம்!

டாக்டர்: பஞ்சை வச்சுத் தொடச்சா பஞ்சுல வருதேம்மா உங்க மச்சம்.

தலைவர்: என்ன சொல்ல வருகிறீர்கள்?

டாக்டர்: முடிச்சாயம்.

தலைவர்: டாக்டரம்மா! அந்தச் சொல்லே எங்கள் மன்றத்தில் கிடையாது! எங்கள் உறுப்பினர் ஒருவர்கூட ‘சாயங்காலம்’ என்று சொல்லமாட்டார். மாலை என்றுதான் சொல்வார்!

மனைவி: ஒருத்தர் வாய் தவறி ‘சாயந்திரம் வரேன்’னுட்டாரு. மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினாங்க.

டாக்டர்: சரி. நாளைக்கு ஞாயிறு. காலைல அந்த பாட்டிலைத் தலைல கவுத்துக்கிட்டு மேடைக்குப் போங்க. மைக்கைத் தடவித்தான் கண்டுபிடிக்கணும். வீக்கம் முகம், தொண்டைன்னு இறங்கினா பேச்சுக்கே இடமில்ல.

தலைவர்: இறங்கட்டும்! தொண்டை அடைத்துச் சாகிறேன்! சாயம் பூசியவன் என்ற பெயரோடு மட்டும் வாழமாட்டேன். எழுதிக்கொள்ளுங்கள்!

டாக்டர்: எழுதிக்கிறேன். சுத்தமான துணியை ஜில்லுத் தண்ணில நனைச்சு, பத்துப் பத்து நிமிஷமா இமை மேல வைங்க. அரிப்புக்கு மாத்திரை. கடைல கேட்டுக் கண்ட களிம்பையும் தடவக் கூடாது. பார்வை மங்கினாலோ, மூச்சு திணறினாலோ உடனே ஓடி வாங்க. இப்போ உள்ள போய்க் குழாயடியில தலையை நல்லா அலசுங்க. தண்ணி கண்ணுல வழியாம.

தலைவர்: குளோரின் தண்ணீரில்!

டாக்டர்: அதுலதான்.

மனைவி: போயிட்டாரா? கதவைச் சாத்திட்டாரா? டாக்டரம்மா, மெதுவாப் பேசுங்க... அந்தப் பச்சை பாட்டில்ல மூலிகையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நரையைக் கறுப்பாக்கற ஷாம்பு. ஒன்பது வருஷமா நான்தான் ஊத்தி வைக்கறேன். அவருக்குத் தெரியாது.

டாக்டர்: எதுக்கும்மா?

மனைவி: முதல் நரை தெரிஞ்ச வாரம் மன்றத்துப் பக்கமே போகல. வீட்லயே உக்காந்து எனக்கு இயற்கை வாழ்வு சொல்லிக் கொடுத்தாரு. ஆறு நாள். ஏழாம் நாள் நான் கடைக்குப் போயிட்டேன்.

டாக்டர்: சிரிக்க வைக்காதீங்க...

மனைவி: சிரிங்க. தப்புதான். ஆனா மறுபடி அந்த ஆறு நாள் வந்தா, மறுபடி கடைக்குத்தான் போவேன். ஒண்ணுதான் புரியல. ஒன்பது வருஷமா அதே ஷாம்பு. ஒரு தடிப்பு வந்ததில்ல. இப்போ மட்டும் ஏன்?

டாக்டர்: பழகினதே திடீர்னு ஒத்துக்காமப் போறதும் உண்டு. இல்ல, சரக்கு மாறியிருக்கணும். வேற எதையாவது ஊத்தினீங்களா?

மனைவி: நான் எங்க ஊத்த! ரெண்டு வாரம் தங்கச்சி வீட்ல இருந்துட்டு நேத்துதானே வந்தேன். போகும்போது அடில கொஞ்சம்தான் இருந்துச்சு. வந்து பாத்தா... பாட்டில் ரொம்பி இருக்கு.

டாக்டர்: நீங்க ரொப்பாம எப்படிம்மா ரொம்பும்?

மனைவி: அதான்...

தலைவர்: துண்டு குடு.

மனைவி: ஐயய்யோ... எப்போ வந்தீங்க?

தலைவர்: குழாய்ல தண்ணி நின்னு ரொம்ப நேரமாச்சு. கண்ணுதான் மூடியிருக்கு. காது மூடல.

மனைவி: கோவப்படாதீங்க... நாளைக்கு நானே மேடை ஏறிச் சொல்லிடறேன். எல்லாம் என் வேலை, இவருக்கு ஒண்ணுமே தெரியாது, பச்சைப் பிள்ளை மாதிரி தலையைக் காட்டினாருன்னு. பழி என்னோட போகட்டும். மன்றம் கலைய வேணாம்.

டாக்டர்: நல்ல யோசனைதான். நீங்க தப்பிச்சுக்கலாம். என்ன சொல்றீங்க தலைவரே?

தலைவர்: பச்சை இலையை அரைச்சா கறுப்புத் தண்ணி வழியாதுன்னு முதல் வாரமே தெரியும் எனக்கு. நீ போன மறுநாள் பாட்டில் காலி, நீ வாங்கற ஷாம்பு கடைல இல்ல, முக்காடு போட்டுக்கிட்டு மூணு தெரு தள்ளிப் போய் வேற ஒண்ணை வாங்கி ஊத்தினது நான்தான்... நீ ஒண்ணும் மேடை ஏற வேணாம், எவன் என்ன கேக்கறான்னு பாத்துடறேன், நானே பேசிக்கறேன், நாளைக்கு சாயந்திரம் ஆறு மணிக்கு.