புளியமரத்தடியில் அரை நிமிடம்

மேடையில் இருக்கும் பங்குத்தந்தை அவர்களே, சங்கத் தலைவர் பெரியகருப்பன் அவர்களே, கணவரைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் செபாஸ்தியம்மாள் அக்கா அவர்களே, திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் ஓடிவந்திருக்கும் தோழர்களே! எல்லோருக்கும் என் வணக்கம். நான் கமலக்கண்ணன். மறைந்த ஓட்டுநர் அந்தோணிமுத்து அண்ணனோடு கொடைரோடு வண்டியில் நடத்துநராகப் போய்வந்தவன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அண்ணனை மகான் என்றார்கள். அவர் தினமும் வண்டியை நிறுத்தித் தியானம் செய்த புளியமரத்தடியில் அவர் படத்தை வைத்து மண்டபம் எழுப்பப்போவதாகத் தலைவர் அறிவித்தார். நீங்கள் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்று சொல்லத்தான் வந்து நிற்கிறேன்.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு மழைக்காலம். சின்னாளபட்டியைத் தாண்டி, அந்தப் புளியமரத்துக்கு நேராக, எங்கள் வண்டி ஒரு பெண்ணின் மேல் மோதியது. நின்றிருந்த மாட்டுவண்டிக்குப் பின்னாலிருந்து திடீரென்று சாலைக்கு வந்துவிட்டார். அண்ணன் மிதித்த பிரேக் ஈரச் சாலையில் பிடிக்கவில்லை. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. சுங்குடிச் சேலைக்குச் சாயம் ஏற்றுமுன் முடிச்சுப் போடும் முனீஸ்வரி என்பவர் அவர். நீதிமன்றம் அண்ணன்மேல் குற்றமில்லை என்று விடுதலை செய்தது. அண்ணன் தன்னை விடுதலை செய்துகொண்டாரா? இல்லை ஐயா, கடைசிவரை இல்லை!

மாதக்கணக்கில் அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கோயிலுக்குப் போனால் வாயில் ஜெபம் வரவில்லை. அப்போது இதோ அமர்ந்திருக்கும் ஃபாதர்தான் சொல்லிக்கொடுத்தார். மூச்சை இழுக்கும்போது ‘இயேசுவே’, விடும்போது ‘இரங்கும்’. வேறெதுவும் கேட்க வேண்டாம், ஆண்டவர் முன்னால் சும்மா இரு என்றார். தியானம் என்றால் ஊரைவிட்டுப் போய்க் கண்ணை மூடுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். மறுபடி வண்டி எடுத்த அண்ணன் அதை எஞ்சின் சூட்டில் உட்கார்ந்து செய்தார். ரயில்வே கேட் அடைத்திருக்கும். சுற்றிலும் ஹாரன் காதைப் பிளக்கும். இவர் கைகளை மடியில் போட்டுக்கொண்டு மூச்சுவிட்டபடி இருப்பார்.

“இப்பிடி இருந்தா மனசுக்கு நிம்மதியா இருக்காண்ணே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நிம்மதியா? கண்ணை மூடுனா அந்தப் பிள்ளை மொகந்தான்யா வருது. ஓடிப்போகாம உக்காரப் பழகுறேன், அம்புட்டுதேன்” என்றார்.

தோழர்களே, இதைவிடக் கடினமான ஜெபம் உண்டா?

புளியமரம் வந்ததும் வண்டியை ஓரங்கட்டி அரை நிமிடம் கண்ணை மூடி அப்படியே இருப்பார். ஒருநாள் காய்கறிக் கூடைக்காரர் சிவனம்மாள், “இங்க என்ன சாமி இருக்கு டிரைவரே?” என்று கேட்டார். அண்ணன் பதில் பேசவில்லை. பேசாததே பதிலாகிவிட்டது! அந்தம்மா தலைப்பூவில் ஒரு கண்ணியைக் கிள்ளி ஜன்னல் வழியாகப் போட்டார். அடுத்த வாரம் எலுமிச்சம்பழம் வந்தது. பிறகு மஞ்சள் பூசிய செங்கல், சிவப்புத் துணி. நம் கிறிஸ்தவ ஆட்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பொறுக்க முடியாமல் ஒருநாள் அண்ணன் எழுந்து பயணிகளைப் பார்த்து, “இங்க சாமி இல்லைங்கம்மா. என் வண்டியில அடிபட்டு ஒரு பொம்பள செத்துப்போச்சு” என்று சொல்லியே விட்டார். வண்டிக்குள் ஒரே கும்பிடு. “பாத்தியா, செத்தவ தெய்வமாயிட்டா” என்றார்கள்.

பிறகுதான் அவர் வந்தார். முனீஸ்வரியின் கணவர் பொன்ராஜ். சின்னாளபட்டி நிறுத்தத்தில் ஏறினார், டிக்கெட் வாங்கவில்லை, நேராக அண்ணன் பக்கத்தில் போய் நின்றார். கைகலப்பு ஆகப்போகிறது என்று நான் பயந்தேன்.

“எம் பொண்டாட்டி யாருக்கும் சாமி இல்லைய்யா. கோவக்காரி. மீன் கொழம்புன்னா உசுரு. அவளைச் சாமியாக்கிப்புட்டு நீ கண்ணை மூடிக்கிருவ. அப்ப அவளைக் கொன்னது யாரு?”

அண்ணன் தலை குனிந்திருந்தார். “நாந்தேன்” என்றார். பிறகு, “இனிமே அங்க நிறுத்தாமப் போயிரவா அண்ணாச்சி?” என்று கேட்டார்.

பொன்ராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். “நிறுத்து. ஆனா அவ பேரைச் சொல்லு. நடந்ததைச் சொல்லு” என்றார்.

அன்றிலிருந்து அண்ணன் மரத்தடியில் கண்ணை மூடவில்லை. எழுந்து நின்று, வண்டி முழுக்கக் கேட்கும்படி சொல்வார். “முனீஸ்வரி. பொன்ராஜ் சம்சாரம். இந்த எடத்துல நான் ஓட்டுன வண்டி மோதிச் செத்துப்போனாங்க.” ஒவ்வொரு நடையிலும்! அபசகுனம் என்று பயணிகள் அடுத்த வண்டிக்குப் போனார்கள். முதலாளி திட்டினார். கல்யாண வீட்டுக்காரர்கள் அவரை ஒதுக்கினார்கள். சொல்லும்போதெல்லாம் அவர் முழங்கால் நடுங்கும், நான் பார்த்திருக்கிறேன். நடுங்கிக்கொண்டே சொன்னார். அவருடைய தியானம் அதுதான். அந்த நடுக்கத்துக்கு யாராவது மண்டபம் கட்ட முடியுமா?

போன செவ்வாய்க்கிழமை விடியலில், டூட்டிக்குச் சட்டை மாட்டும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அடக்கம் முடிந்த அன்றே அக்கா என் கையைப் பிடித்தார். “தம்பி, அவரையும் அங்க கொண்டுபோயி உக்கார வச்சிராதீங்க. கொன்னவரையும் செத்தவளையும் ஒரே மரத்துல வச்சுக் கும்பிட்டா அந்தப் பொன்ராஜ் எங்கிட்டுப் போயி மொகத்தை வச்சுக்குவாரு?” என்று அழுதார்.

தலைவர் அவர்களே, என்மேல் கோபம் வந்தால் வரட்டும். அங்கே இருக்கிற செங்கல்லைப் பிடுங்க நான் யார்? கும்பிடுகிறவர்கள் கும்பிடட்டும். ஆனால் மேடையில் இருக்கிற இந்த அண்ணன் படம் அங்கே போகாது. அக்கா வீட்டுக்குப் போகும். இது என் முதல் உறுதி.

இரண்டாவது உறுதி. நாளை காலை முதல் நடையில், அதே இடத்தில் நான் விசில் கொடுத்து வண்டியை நிறுத்துவேன். புது ஓட்டுநர் சம்மதித்திருக்கிறார். எழுந்து நின்று அண்ணன் சொன்னதை நான் சொல்வேன். எனக்கும் முழங்கால் நடுங்கும். வேலை போனாலும் சொல்வேன். மற்ற வண்டித் தோழர்களே, உங்களில் யார் சொல்வீர்கள்? இப்போது கை தூக்க வேண்டாம். அந்த இடம் வரும்போது தெரிந்துவிடும்.

எல்லோரும் எழுந்து நில்லுங்கள். இறந்தவருக்காகக் கடவுளிடம் எதுவும் கேட்க வேண்டாம். மூச்சை மட்டும் கவனியுங்கள். நான் சொல்வதைக் கேளுங்கள்.

முனீஸ்வரி. பொன்ராஜின் மனைவி. வண்டி மோதி இறந்தார். ஓட்டியவர் பெயர் அந்தோணிமுத்து.