கோபக் கடிதத்துக்கு முதலிடம் தந்த அக்கா

மேடையில் அமர்ந்திருக்கும் பதிப்பாளர் ஐயா அவர்களே, கதாசிரியர் அவர்களே, இருபத்தாறு ஆண்டுகளாக நம் இதழுக்குக் கடிதம் போட்டும், சண்டை போட்டும் உறவாகிப்போன வாசகப் பெருமக்களே!

இந்த உரையை இவ்வளவு தாமதமாக, இரவு ஒரு மணிக்கு மேல் எழுதி அனுப்புவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். என் மகளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். இப்போதுதான் சூடு இறங்கித் தூங்குகிறாள். இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வர முடியாது என்று சொன்னதும், "நீங்க எழுதி அனுப்புங்கம்மா, நானே வாசிக்கிறேன்" என்றார் பதிப்பாளர் ஐயா. அதனால்தான் என் சொற்கள் அவருடைய கனத்த குரலில் உங்களுக்குக் கேட்கின்றன. தொலைபேசியை வைக்கும் முன்பு அவர் இன்னொன்றும் சொன்னார். "அக்காவே போயிட்டாங்க. வாசகர் பக்கத்தை இந்த இதழோட நிறுத்திடலாம்னு இருக்கேன். யாரால பாக்க முடியும் சொல்லுங்க?"

ஐயா, அதைப் பற்றியும் இந்த உரையில் வரும். தயவுசெய்து விட்டுவிட்டு வாசிக்காதீர்கள். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும்.

அவைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக அந்த வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். யாரைத் திட்டிக் கடிதம் வந்ததோ, அவரே மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று அதை வாசிக்க வேண்டும். ஒரு வரியை விடக் கூடாது. இருமுகிற சாக்கில் ஒரு சொல்லை விழுங்கக் கூடாது. இதழிலும் கோபக் கடிதத்துக்கே முதலிடம். பாராட்டுக் கடிதம் இடம் மிஞ்சினால்தான். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் யார்? நாம் இன்று இழந்து நிற்கும் வாசகர் பக்கப் பொறுப்பாசிரியர், நம் எல்லோருக்கும் கடித அக்கா!

நம் கதாசிரியர் எழுதுகிற கதைகள் எப்படிப்பட்டவை? படிக்கும்போது சிரிப்பு வரும். சிரித்த பிறகு, இதற்குப் போய்ச் சிரித்தோமே என்று நமக்கே உறுத்தும். இறந்துபோன குமாஸ்தா ஒருவர், விடுப்பு அனுமதி வராததால் மறுநாளும் அலுவலகம் வந்து உட்காருவாரே, நினைவிருக்கிறதா? அந்தக் கதைக்கு ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் ஒருவர் நான்கு பக்கத்தில் கண்டனம் எழுதினார். இறந்தவர் வருகைப் பதிவேட்டில் போடும் கையெழுத்து செல்லாதாம். ஆனால் ஆள் இருக்கையில் இருக்கும்போது வரவில்லை என்று குறிக்கவும் விதியில்லையாம். ஆகவே கதை தவறாம்!

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுக் குப்பையில் போட்டிருப்பார்கள். அக்கா போட்டாரா? நான்கு பக்கத்தையும் அச்சில் ஏற்றினார். கீழே ஒரே ஒரு வரி: "அப்படியானால் அவர் எந்தப் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும்?" கண்காணிப்பாளர் விடுவாரா? மரணத்துக்குப் பிந்தைய விடுப்புக்கென்று தானே ஒரு படிவம் தயாரித்து அனுப்பினார். அக்கா அதையும் வெளியிட்டார். அடுத்த மாதம் பதினொரு பேர் அதைக் கத்தரித்து, பூர்த்தி செய்து அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டார்கள்! ஒரு பெண்மணி, "நான் இன்னும் இறக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதும்" என்று காரணம் எழுதியிருந்தார். பதினொரு பேருக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்று தன் கையால் பதில் போட்டவர் அக்கா. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பெண்மணிக்கு மட்டும், "அனுமதிக்கப்பட்டது" என்று எழுதினார்.

பூமிக்குக் கீழே மூன்று நாள் இறங்கிக்கொண்டே இருக்கும் லிஃப்ட் கதையும் உங்களுக்கு மறந்திருக்காது. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் சங்கம் அமைத்துத் தலைவர் பதவிக்கு அடித்துக்கொள்வார்களே! அதைப் படித்துவிட்டு லிஃப்ட் பழுதுபார்ப்பவர் ஒருவர், கடைசித் தளத்துக்குக் கீழே நாலரை அடிக்கு மேல் எந்த லிஃப்டும் போகாது என்று வரைபடத்தோடு எழுதினார். அக்கா அவரைக் கூட்டத்துக்கே அழைத்தார். இன்று அவர் இரண்டாவது வரிசையில் இருப்பார். இருக்கிறீர்களா அண்ணா? "இப்பல்லாம் கதவத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ தட்டிட்டுத்தான் திறக்கறேன். உள்ள யாராவது கூட்டம் போட்டுட்டு இருந்தா?" என்று நீங்கள் சொன்னபோது, அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தது என் மனதில் அப்படியே நிற்கிறது.

அவையோரே, இனி என் கடிதத்துக்கு வருகிறேன்.

நாளுக்கு நாள் சிறியதாகிப்போகும் ஒரு குழந்தை. அதை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் தாய். அந்தக் கதை வந்தபோது என் மகளுக்கு மூன்று மாதம். எடை ஏறவே இல்லை. எல்லோரும் "சில பிள்ளைங்க அப்படித்தான்" என்றார்கள். நான் அந்தக் கதையைப் படித்துவிட்டு ஆறு பக்கம் எழுதினேன். "இதை எழுதினவருக்குப் பிள்ளை குட்டி உண்டா? சிரிப்பதற்கு உங்களுக்கு இதுதான் கிடைத்ததா?" என்றுதான் தொடங்கினேன். அதற்குப் பிறகு என்னென்ன எழுதினேன் என்று எனக்கே தெரியாது.

நான்காம் நாள் தொலைபேசி அடித்தது.

"வாசகர் பக்கம் பாக்கறவ பேசறேன்மா. உன் லெட்டர் வந்துச்சு."

"போடப் போறீங்களா?"

"போடாம? முதல் பக்கத்துலயே. ஆனா அஞ்சாவது பக்கத்த மட்டும் தனியா எடுத்து வச்சிருக்கேன். அது கதைக்கு வந்த லெட்டர் இல்ல. பாப்பா இப்ப எவ்ளோ எடை?"

சொன்னேன்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"பயப்பட ஒண்ணும் இல்லன்னாரு."

"நீ நம்பல."

"நம்பலக்கா."

"நம்பாட்டிப் போ. ஆனா அங்க போய் வாயத் திறந்து கேட்டியா? முன்னப்பின்ன தெரியாத ஒரு ஆளத் திட்ட ஆறு பக்கம் எழுதறவ, டாக்டருக்கு ஒரு பக்கம் எழுத மாட்டியாடி?"

எழுதினேன். பால் குடிக்க ஆரம்பித்த இரண்டாவது நிமிடமே மகள் தூங்கிவிடுகிறாள் என்பது அந்தத் தாளில் ஏழாவது வரி. மருத்துவர் அந்த இடத்தில் விரலை வைத்து, "இத ஏன்மா முன்னாடியே சொல்லல?" என்றார். எப்படிச் சொல்வேன்? யாரும் கேட்கவில்லை, நானும் பேசக் கூச்சப்பட்டேன். அவளைத் தட்டி எழுப்பி எழுப்பிப் பாலூட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். பத்தே நாளில் எடை காட்டும் முள் நகர்ந்தது.

அக்காவிடம் சொன்னதும் என்ன சொன்னார் தெரியுமா? "சந்தோஷம். இப்ப அந்தக் கதைய இன்னொரு தரம் படி." படித்தேன். கூட்டத்தின் நடுவில் மேலதிகாரி அந்தத் தாயிடம், "கண்ணாடிய எடுத்துப் போட்டுக்கங்க" என்று சொல்லும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்ததையும் எழுதி அனுப்பினேன். ஐந்து பக்கக் கோபமும், அரைப் பக்கச் சிரிப்பும் ஒரே இதழில் அடுத்தடுத்து வந்தன. மாதக் கூட்டத்தில் கதாசிரியர் எழுந்து நின்று ஐந்து பக்கத்தையும் ஒரு வரி விடாமல் வாசித்தார். உட்காரும்போது, "எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கும்மா" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அவர் கதைகள் எதைக் கண்டு சிரிக்கின்றன என்று எனக்கு ஓரளவு புரிகிறது. பயத்தைப் பார்த்துத்தான்.

அக்கா மருத்துவமனையில் இருந்தது நான்கே நாள். மூன்றாம் நாள் பார்க்கப்போன பதிப்பாளர் ஐயாவிடம் கேட்டாராம்: "இந்த மாசம் யாரும் திட்டலையா?" ஐயா அவரைச் சந்தோஷப்படுத்த நினைத்து, "எல்லாமே பாராட்டுத்தான்க்கா" என்றாராம். "அப்ப கதை சரியில்ல. வேற போடுங்க" என்றாராம் அக்கா. ஐயா, நீங்களே நேற்று சிரித்துக்கொண்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டும் இதை என்னிடம் சொன்னீர்கள். நிறைவாக வாழ்ந்த ஒருவருக்குத்தான் கடைசிப் பேச்சு இப்படி அமையும். அதனால் எனக்கு அழுகை குறைவாகத்தான் வருகிறது. நன்றிதான் பொங்கிப் பொங்கி வருகிறது.

இப்போது, ஐயா, நீங்கள் விட்டுவிடக் கூடாத இடம்.

அக்காவின் மேசையில் பிரிக்காத கடிதங்கள் நாற்பத்து மூன்று இருப்பதாகச் சொன்னீர்கள். இந்தக் காலத்தில் கைபேசியிலேயே கட்டைவிரல் படம் போட்டுவிடுகிறார்கள், கடிதப் பக்கம் எதற்கு என்றீர்கள். ஐயா, கட்டைவிரலில் ஐந்தாவது பக்கம் உண்டா? அந்த நாற்பத்து மூன்றில் எந்த உறையில், எந்தத் தாளில், யார் கதையை விட்டுவிட்டுத் தன் வீட்டைப் பற்றி எழுதியிருக்கிறார்களோ! பிரிக்காமல் எப்படித் தெரியும்?

வாசகர் பக்கத்தை என்னிடம் கொடுங்கள். நான் அக்கா இல்லை. தாழ்ப்பாள் போட்டேனா என்று மூன்று தடவை எழுந்து பார்க்கிறவள். பிள்ளை இருமினால் விளக்கைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். "உனக்கிருக்கிற கவலை பத்தாதா, ஊர்க் கவலையும் வேணுமா?" என்று என் கணவர் கேட்டார். "ஊர்க் கவலை வந்தா என் கவலை கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றேன். சிரித்துவிட்டு, "சரி, சாயங்காலம் ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் பாப்பாவ நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த இரண்டு மணி நேரத்தை நம் இதழுக்குத் தருகிறேன்.

அவையோர் முன்னிலையில் உறுதி கூறுகிறேன்: வருகிற ஒவ்வொரு கடிதத்தையும் கடைசி வரி வரை படிப்பேன். கோபத்துக்கு முதலிடம் தருவேன். அச்சில் ஏற வேண்டியதை ஏற்றுவேன். ஏறக் கூடாததைத் தனியே எடுத்துவைத்து, எழுதியவரைக் கூப்பிட்டுப் பேசுவேன். தப்புச் செய்தால் என்னைத் திட்டி எழுதுங்கள். நானே எழுந்து நின்று வாசிக்கிறேன்.

பதிப்பாளர் ஐயா, அச்சுக்குப் போக இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. கடிதங்களை வாங்கிக்கொள்ள நான் எப்போது வரலாம்? முடியும், முடியாது, எதுவானாலும் சரி. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லிவிடுங்கள்.