ஏழாம் படுக்கையின் மணி

அந்த ஆஸ்பத்திரி கேன்டீனில் சுக்குக்காப்பி நன்றாக இருக்கும் சார். நீது சிஸ்டர் போன் செய்தபோது அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் அனூஜ். வீடு பாறசாலையில். நெய்யாற்றின்கரையிலுள்ள அந்த ஆஸ்பத்திரிக்கு, நோயாளிகளின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் வெப் அப்ளிகேஷனை நானும் ஜெனிலும் சேர்ந்து எழுதினோம். அளவு குறைந்தால் நர்ஸ் மேசைக் கணினியில் மணி அடிக்கும். படுக்கையருகே அடித்தால் நோயாளி பதறுவார் என்று அங்கே வைக்கவில்லை.

ஜெனிலின் அப்பா ராஜதாஸ் ஆஸ்பத்திரிக் கமிட்டியில் இருந்தார். அவர் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதினோம். மரச்சீனிக் கிழங்கும் மீனும் அவரே விளம்புவார். "தின்னு மக்கா, நீயும் எனக்கொரு பிள்ளையாக்கும்" என்பார். அதை நான் அப்படியே நம்பினேன். வேலையை ஒப்படைத்த அன்று கமிட்டி முன்னால் அதே வாய் சொன்னது: "எல்லாம் எம் மவன் செய்ததாக்கும். இவன் சும்மா கூடமாட நின்னவன்."

ஜெனில் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்ளிகேஷன் பக்கத்தின் அடியிலிருந்த என் பெயரும் போயிற்று. அவன் செய்ததைப் பொறுத்துக்கொண்டேன். அவர் செய்ததை இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. ஆனாலும் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை.

அந்த வேலையைக் காட்டி ஜெனில் பெங்களூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். பிறகு, மணி சில நேரம் இரண்டு தடவை அடிக்கிறது, வந்து பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் என்னைக் கூப்பிட்டார்கள். போனால், வார்டில் ஏழாம் படுக்கையில் ராஜதாஸ். நிமோனியா. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வந்தியா மக்கா? ஜெனில் அனுப்பினானா?"

ஆமாம் என்றேன்.

பிழை பிரவுசருக்குள் ஓடும் ஸ்கிரிப்டில் இருந்தது. அதைப் பிடிக்க பிரவுசரிலேயே டீபக்கிங் வசதி உண்டு. சந்தேகப்படும் வரியில் ஒரு நிறுத்தப்புள்ளி வைக்க வேண்டும். ஓட்டம் அங்கே வந்ததும் பக்கம் முழுவதும் உறைந்து நிற்கும்; நாம் விடும்வரை அந்த வரி ஓடாது. மணி அடிக்கும் வரியில் வைத்தேன். நோயாளிகளைக் கவனிக்கும் கணினியில் அப்படிச் செய்யக்கூடாதுதான். எங்கள் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளில் சோதனைக்கென்று வேறு கணினி கிடையாது. கம்ப்யூட்டர்காரர் திறந்து வைத்ததை யாரும் தொடவும் மாட்டார்கள். எல்லாம் தயார் செய்துவிட்டு கேன்டீனுக்குப் போனேன்.

"சாரே, ஸ்கிரீன் மங்கிப்போய் நிக்குது. எதையாவது அமுக்கட்டா?" என்று நீது போனில் கேட்டார்.

"ஒண்ணும் தொடண்டாம் சிஸ்டரே. நான் இப்ப வாறேன்."

காப்பியைக் குடித்து முடித்தேன். டம்ளரைக் கழுவி வைத்தேன். நான் மேலே போனபோது ராஜதாஸ் இறந்திருந்தார். நீது சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

பிழையையும் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டேன். அது ஜெனில் எழுதிய வரியில்தான் இருந்தது.

என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைக்காதீர்கள். நிறுத்தப்புள்ளி எப்போது நிறுத்த வேண்டும் என்று நாமே ஒரு நிபந்தனையும் கொடுக்கலாம். மற்ற நோயாளிகளுக்கு ஒரு தொந்தரவும் வரக்கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன் சார். அதனால்தான், மணி அடிக்க வேண்டியது ஏழாம் படுக்கைக்கு என்றால் மட்டும் நிற்கும்படி வைத்தேன்.