அமுதவள்ளிக்கு வாங்கிய ஸ்டே

பிரிக்பீல்ட்ஸில் பார்க்கிங் கிடைத்தவன் லேசில் காரை எடுக்க மாட்டான். என் வக்கீல் தொழிலும் அப்படித்தான். கிடைத்த கட்சிக்காரரை விட்டதில்லை. வக்கீல் சங்க விசாரணைக் குழுவில் இருக்கும் நீங்களும் பார்க்கிங் தேடித்தான் வந்திருப்பீர்கள், புரியும்.

முதலில் சிவில் வழக்குகள். ஸ்டே வாங்குவதில் கெட்டிக்காரன் என்று பெயர். பண்டமாரானில் தம்புசாமி என்ற பெரியவர், தன் வீட்டுச் சுவரை இடித்த லோரி கம்பெனி மேல் தீர்ப்பு வாங்கியிருந்தார். நான் கம்பெனி வக்கீல். ஸ்டே மேல் ஸ்டே. பெரியவர் போய்ச் சேர்ந்தார். மனக்கசப்பு இல்லாமல் முடிந்தது.

பிறகு கலைத்துறை. தமிழ்நாட்டுக் கலைஞர்களை இங்கே மேடையேற்றுபவர்களுக்கு ஒப்பந்தம் எழுதினேன். அப்படித்தான் அமுதவள்ளி விருதுநகரிலிருந்து பாட வந்தார். கிள்ளான் கச்சேரி முடிந்ததும் நேரே என்னிடம் வந்து, "அண்ணே, உங்க ஊர்ல டீயை ஏன் இம்புட்டு ஒசரத்துல இழுத்து ஊத்துறாங்க? கோவமா?" என்றார். வழக்கு இல்லாமல் வக்கீலிடம் யாரும் பேசுவதில்லை. அவர் பேச்சு எனக்குப் பழக்கமாகிவிட்டது.

இங்கே தங்குவதற்கான பெர்மிட் முடியும் வாரத்தில், "மகளுக்குப் பிரசவம் நெருங்குது, ஊருக்குப் போறேண்ணே" என்றார்.

ஒரு கச்சேரி பாக்கி, போனால் கேஸ் போடுவார்கள் என்றேன். பயந்துவிட்டார். பிறகு நானே, "கேஸ் போட்டுட்டாங்கம்மா. ஆனா கோர்ட்ல ஸ்டே வாங்கிட்டேன் லா. முடியிற வரைக்கும் சட்டப்படி இங்கேயே இருக்கலாம்" என்று ஆறுதல் சொன்னேன். கேஸும் இல்லை, ஸ்டேயும் இல்லை. ஆனால் அவர் சொன்ன நன்றி உண்மை.

பேரன் பிறந்தான். கைப்பேசியில் காட்டி, "யார் ஜாடைண்ணே?" என்றார். வேறு யாரைக் கேட்பார்?

அவரோடு அறையில் தங்கியிருந்த புனிதாதான் கெடுத்தாள். "ஸ்டேன்னு வாயாலதான சொல்றாரு, பேப்பர் எங்கக்கா?" என்று கிளப்பிவிட்டு, அம்பாங்கில் வேறு வக்கீலிடம் கூட்டிப்போக ஏற்பாடு செய்தாள். அவர்கள் கிளம்பவிருந்த அன்று காலை இமிகிரேஷனுக்கு அறை விலாசத்தைச் சொன்னது நான்தான். தவறாக நினைக்காதீர்கள். டிப்போ என்கிற தடுப்பு முகாமில் அடைபட்டவருக்கு இமிகிரேஷன் வக்கீல் வேண்டுமே. என் மூன்றாவது துறை அப்படித் தொடங்கியது.

டிப்போவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். ஆனால் சிரித்தார்.

"வெள்ளிக்கிழமை பிளேன்ல ஏத்தி அனுப்பிடுறாங்களாம்ணே. நல்லதாப் போச்சு, பேரனைத் தூக்கப் போறேன்."

அது நாடுகடத்தும் உத்தரவு. பாவம், அவருக்குச் சட்டம் தெரியாது. கட்சிக்காரருக்கு எதிரான உத்தரவைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கும் வக்கீல் நான் இல்லை.

வியாழக்கிழமையே அவர் பெயரில் மனுப் போட்டேன்.

புனிதா பேச்சைக் கேட்டு என்னைப் பொய்யன் என்கிறீர்கள். இந்த முறை ஸ்டேயை உண்மையாகவே வாங்கிவிட்டேன், ஐயா.